மாரிக்கு முன் கூரை: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒழுக்கைப் பற்றியவை. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஆண்டு மழையின் பெரும்பங்கு நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஒழுக்கு கண்ணில் படுவது அப்போதுதான். அதை அடைக்கும் வேலைக்கோ காய்ந்த கூரை வேண்டும், அது கச்சான் (வறண்ட தென்மேல் காற்று) வீசும் மாதங்களில்தான் கிடைக்கும். புரட்டாசி முடிவதற்குள் வேலையை முடிக்க விரும்புவோருக்காக இந்தப் பதில்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு 20க்கு 30 அடியில் கொங்கிறீட் பிளாட் (தட்டைக் கூரைத் தளம்) போட்டு எட்டு வருடமாகிறது. பிறகு மேல்மாடி கட்டலாம் என்று தூண் கம்பிகளை வெளியே விட்டு வைத்திருக்கிறோம். மாரியில் நடு அறையின் ஃபேன் கொக்கியடியில் ஒழுகுகிறது. மேசன் சீமெந்துப் பால் ஊற்றினால் போதும் என்கிறார். ஹாட்வெயார் கடையில் டோர்ச் அடிக்கும் மெம்பிரேன் (நெருப்பில் உருக்கி ஒட்டும் தார் விரிப்பு) போடச் சொல்கிறார்கள். எதைச் செய்வது, எவ்வளவு சாமான் தேவைப்படும்? (வாசகர் ஒருவர், காத்தான்குடி)

பதில்: ஃபேன் கொக்கியடியில் சொட்டுவதால் அதற்கு நேர் மேலேதான் ஓட்டை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிளாட்டுக்குள் பதித்த வயர்க் குழாய் தண்ணீருக்கு நல்ல பாதை. எங்கோ ஒரு வெடிப்பில் இறங்கும் நீர் அந்தக் குழாய் வழியே ஓடி ஃபேன் பெட்டியில் வந்து சொட்டும். உங்கள் வீட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை அந்தத் தூண் கம்பிகள். கம்பி துருப்பிடிக்கும்போது பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கொங்கிறீட்டை வெடிக்க வைக்கும். கம்பியும் கொங்கிறீட்டும் சேரும் இடத்தில் நீர் உள்ளே இறங்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் உங்கள் ஊரில் உப்புக் காற்று இதை இன்னும் விரைவுபடுத்தும்.

இடத்தை உறுதிசெய்ய பிளாட்டை நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியையும் சாந்தால் இரண்டு அங்குல வரம்பு கட்டி, ஓரங்குல உயரத்துக்கு நீர் நிரப்பி 24 மணித்தியாலம் விடுங்கள். ஒரு பகுதி முடிந்து கீழே ஈரம் காய்ந்த பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டும். ஃபேன் இணைப்பின் மின்சாரத்தைச் சோதனைக்கு முன் கட்டாயம் நிறுத்திவிடுங்கள்.

கீழே நின்று சீலிங்கையும் பாருங்கள். சாந்து உதிர்ந்து கம்பி தெரிந்தாலோ, சுத்தியலால் தட்டும்போது பொள்ளென்று சத்தம் வந்தாலோ, மேலே எதைப் பூசுவதற்கு முன்னும் பொறியியலாளர் ஒருவரிடம் காட்டுங்கள். துருப்பிடித்த கம்பியின் பின்புறம் வரை கொத்தி, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்து, துரு எதிர்ப்புப் பூச்சுக் கொடுத்து, திருத்தச் சாந்து அடித்தாக வேண்டும். இதைச் செய்யாமல் மேலே மெம்பிரேன் ஒட்டினால் உள்ளே துரு தன் வேலையைத் தொடரும்.

சீமெந்துப் பால் ஏன் நிற்காது? ஒன்பது மீற்றர் நீளமுள்ள பிளாட் காலைக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே 25 பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 2 மி.மீ நீண்டு சுருங்கும். சீமெந்துப் பால் அந்த அசைவுக்கு வளைந்து கொடுக்காது. ஊற்றிய வருடம் ஒழுக்கு நின்றது போல இருக்கும், அடுத்த கச்சானில் அதே வெடிப்பு திறக்கும். அசையும் வெடிப்பை 10 மி.மீ அகலமும் 10 மி.மீ ஆழமுமாக வெட்டி, தூசியை ஊதி, பொலியுரேதேன் சீலன்ட் (வளைந்து கொடுக்கும் அடைப்புப் பசை) நிரப்புவதே சரியான வழி.

அடுத்தது சரிவு. மெம்பிரேனுக்குச் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள் பலர் சரிவுக்குச் செலவழிக்க மறுக்கிறார்கள். பெரும்பாலான வேலைகள் கெடுவது இங்கேதான். மழை விட்டு இரண்டு நாளுக்குப் பிறகும் குளம் போலத் தேங்கும் பிளாட்டில் எந்தச் சாமானும் தன் ஆயுளைக் காணாது. ஓர் அடிக்கு 1/8 அங்குலம் என்பது குறைந்தபட்சச் சரிவு. முழுச் சரிவையும் ஒரே பக்கம் இறக்கினால் 20 அடிக்கு இரண்டரை அங்குலம் உயர வேண்டும். தாழ்ந்த ஓரத்தில் ஓரங்குலம் வைத்தால் உயர்ந்த ஓரம் மூன்றரை அங்குலமாகிவிடும், மொத்தச் சாந்து ஆறரைத் தொன்னைத் தாண்டும். பழைய பிளாட்டுக்கு அந்தப் பாரம் வேண்டாம். நடுவில் நெடுக முகடு வைத்து இரு பக்கமும் இறக்குங்கள். நடுவில் இரண்டேகால் அங்குலம், ஓரங்களில் ஓரங்குலம். பாரம் ஐந்து தொன்னுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். ஒன்றுக்கு நாலு கலவையில் இதற்கு 50 கிலோ சீமெந்து ஏறத்தாழ 17 பையும், ஆற்று மணல் ஒரு கியூபுக்குச் சற்றுக் குறைவாகவும் தேவை. கடல் மணலை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அதிலுள்ள உப்பு நேராகக் கம்பியைத் தின்னும்.

ஓரங்குல மழை பெய்தால் உங்கள் பிளாட்டில் ஏறத்தாழ 1,400 லீற்றர் நீர் விழும். சரிவு இரு பக்கமும் இறங்குவதால் பக்கத்துக்கு ஒன்றாக 110 மி.மீ பிவிசி தண்ணீர் வாய்கள் இரண்டு வையுங்கள். பரப்பெட் சுவரில் (பிளாட்டின் ஓரத்தைச் சுற்றி நிற்கும் குட்டைச் சுவர்), தளத்திலிருந்து இரண்டு அங்குல உயரத்தில், மேலதிக நீர் வெளியேற ஒரு துவாரமும் விடுங்கள். வாடைக் காற்று கொண்டுவரும் வேப்பஞ் சருகு வாயை அடைத்தாலும் பிளாட் தொட்டியாகாது.

தூண் கம்பிகளைச் சுற்றி ஆறு அங்குல உயரத்துக்குக் கொங்கிறீட் மேடை கட்டி, அதன் மேல் நீண்டு நிற்கும் கம்பியை மெலிந்த கொங்கிறீட்டால் மூடிவிடுங்கள். மேல்மாடி கட்டும் நாளில் கொத்தியெடுக்கலாம். மெம்பிரேன் அந்த மேடையின் நான்கு பக்கமும் ஏறி நிற்க வேண்டும். தண்ணீர்த் தாங்கி, டிஷ் அன்டெனா, சோலார் சட்டம் ஆகியவற்றின் கால்களுக்கும் இதே முறைதான். மெம்பிரேன் போட்ட பிறகு ஒரு போல்ட்டைத் துளைத்தாலும் செய்த வேலை வீண்.

பரப்பெட் சுவரும் தளமும் சேரும் மூலையில் இரண்டங்குலச் சாய்வுச் சாந்து வையுங்கள். செங்குத்து மூலையில் மெம்பிரேனை மடித்தால் அந்த மடிப்பிலேயே அது கிழியும். சுவரில் தளத்திலிருந்து எட்டு முதல் பத்து அங்குல உயரத்தில் ஓரங்குல ஆழத்துக்குக் காடி வெட்டுங்கள். மெம்பிரேனின் மேல் ஓரம் அந்தக் காடிக்குள் நுழைந்து சீலன்ட்டால் அடைபட வேண்டும். காடி வெட்டாமல் சுவரில் வெறுமனே ஒட்டினால் இரண்டு வருடத்தில் ஓரம் கழன்று, சுவரில் வழியும் மழை முழுவதும் மெம்பிரேனுக்குப் பின்னால் இறங்கும். பத்து வீட்டுக் கூரையைப் பார்த்தால் எட்டில் கோளாறு இந்த ஓரத்திலோ தண்ணீர் வாயிலோதான் இருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

புதுச் சாந்தை ஏழு நாள் நனைத்து, பிறகு குறைந்தது இரண்டு மூன்று வாரம் காயவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க 18 அங்குலச் சதுரப் பொலித்தீனை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்வை கட்டியிருந்தால் இன்னும் காயவில்லை. ஈரத்தின் மேல் ஒட்டிய மெம்பிரேன் வெயிலில் நீராவியால் கொப்பளிக்கும்.

மெம்பிரேனில் 4 மி.மீ ஏபிபி வகையை (பிளாஸ்டிக் கலந்த தார்) வாங்குங்கள். நம் வெயிலைத் தாங்குவதில் எஸ்பிஎஸ் வகையை (ரப்பர் கலந்த தார்) விட இது மேல். கூரை வெயிலில் திறந்தே கிடக்குமானால் மேல்முகத்தில் கல்துகள் பதித்த ரகம் வேண்டும். ஒரு ரோல் ஒரு மீற்றர் அகலம், பத்து மீற்றர் நீளம். பக்க மேற்பொருத்து (ஒரு ரோல் அடுத்ததன் மேல் ஏறும் பகுதி) 10 செ.மீ, முனை மேற்பொருத்து 15 செ.மீ போக ஒரு ரோல் ஏறத்தாழ 8.8 சதுர மீற்றரை மூடும். உங்கள் தளத்துக்கு ஏழு ரோல். சுற்றுச் சுவருக்கு அரை மீற்றர் அகலத்தில் வெட்டிய கீலங்களுக்கு இரண்டு ரோல். ஆக ஒன்பது. மூலை ஒட்டுகளுக்கு மீதியே போதும். பிட்டுமன் பிரைமர் (ஒட்டுவதற்கு முன் பூசும் தார் அடிப்பூச்சு) ஒரு லீற்றர் நான்கு சதுர மீற்றர் பிடிக்கும் என்று வைத்து 20 லீற்றர் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரைமர் கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பின், முதலில் தண்ணீர் வாய்களில் அரை மீற்றர்ச் சதுரத் துண்டை ஒட்டி, நடுவை நட்சத்திரமாக வெட்டிக் குழாய்க்குள் மடித்து அழுத்துங்கள். பிறகு தாழ்ந்த ஓரத்திலிருந்து மேல்நோக்கி ரோலை விரியுங்கள். இப்படி விரித்தால்தான் ஓடிவரும் நீர் மேற்பொருத்தின் வாய்க்குள் புகாது. அடியிலுள்ள மெல்லிய படலம் உருகிப் பளபளக்கும் வரை மட்டும் நெருப்புக் காட்டுங்கள். அதற்கு மேல் சுட்டால் உள்ளிருக்கும் பொலியெஸ்டர் துணி வெந்து வலுவிழக்கும். பொருத்தின் நீளம் முழுக்க 5 முதல் 10 மி.மீ வரை தார் பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடத்தில் பொருத்து ஒட்டவில்லை. கரண்டி முனையை நுழைத்துப் பாருங்கள், நுழைந்தால் அங்கே மீண்டும் சுட வேண்டும்.

வேலை முடிந்ததும் வாய்களை அடைத்து இரண்டங்குல நீர் நிரப்பி 48 மணித்தியாலம் நிறுத்துங்கள். மீதிக் காசை அதற்குப் பிறகு கொடுங்கள்.

கேள்வி: கடையில் அக்ரிலிக் நீர்த்தடைப் பூச்சு 20 லீற்றர் வாளி ஒன்று வாங்கி, 1,000 சதுர அடிப் பிளாட்டுக்கு இரண்டு கோட் அடித்தோம். ஒரே மாரியில் தோல் தோலாக உரிந்துவிட்டது. சாமான் போலியா? (அக்கரைப்பற்று வாசகி)

பதில்: சாமான் நல்லதாகவே இருக்கலாம், அளவு காணாது. ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் பூசினால் ஈரத்தில் ஒரு மி.மீ தடிப்பு வரும். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீற்றர். 20 லீற்றரை அதில் பரப்பினால் ஈரத்திலேயே 0.2 மி.மீதான். அக்ரிலிக் பூச்சுகளில் கனவளவில் பாதிக்குச் சற்று மேல்தான் திடப்பொருள், மீதி ஆவியாகப் போய்விடும். ஆகக் காய்ந்த பின் உங்கள் கூரையில் நின்றது 0.1 மி.மீ சொச்சம். அது பெயின்ட், நீர்த்தடை ஆகாது.

காய்ந்து ஒரு மி.மீ நிற்க வேண்டுமானால் சதுர மீற்றருக்கு 1.8 லீற்றர் அளவில் தேவை. அந்தக் கணக்கில் ஒரு வாளி 120 சதுர அடிக்குத்தான் வரும். விலையை வாளிக் கணக்கில் ஒப்பிடாமல் இப்படிச் சதுர அடிக் கணக்கில் ஒப்பிட்டால், மலிவாகத் தெரிந்தது மலிவல்ல என்பது புரியும்.

உரிந்ததற்கு வேறு இரு காரணங்களும் இருக்கக்கூடும். முதலாவது, தேங்கும் நீர். அக்ரிலிக் நாள்கணக்கில் நீரில் ஊறினால் மென்மையாகிக் கழலும். ஆகவே சரிவில்லாத பிளாட்டுக்கு அது பொருந்தாது. இரண்டாவது, பூசிய நேரம். காலையில் குளிர்ந்த பிளாட்டில் பூசினால், வெயில் ஏற ஏறக் கொங்கிறீட்டின் நுண்துளைகளிலுள்ள காற்று விரிந்து பூச்சைக் கொப்பளிக்க வைக்கும். உச்சி வெயிலிலோ மேல்தோல் மட்டும் காய்ந்து அடி பச்சையாக நிற்கும். பிற்பகல் இரண்டரை, மூன்று மணியளவில், பிளாட் ஆறத் தொடங்கும்போது பூசுங்கள். இரவுப் பனி விழ முன் காய நேரமும் இருக்கும்.

இனிச் செய்ய வேண்டியது: உரிந்ததையெல்லாம் சுரண்டி, உயர் அழுத்த நீரால் கழுவி, காயவிட்டு, வெடிப்புகளுக்கும் மூலைகளுக்கும் நாலங்குலப் பொலியெஸ்டர் துணியைப் பூச்சுக்குள் பதித்து, முதல் கோட்டுக்குக் குறுக்குத் திசையில் அடுத்த கோட்டாக மூன்று தரம். பொலியுரேதேன் திரவ வகை இதைவிட உறுதியானது. ஆனால் ஈரத்தோடு சேர்ந்தால் காபனீரொட்சைட்டு வாயுவை விட்டு நுரைக்கும். பொலித்தீன் சோதனை செய்யாமல் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து 200 மீற்றரில் வீடு. சிங்க்–அலுமினியத் தகடு போட்டு நான்கு வருடத்தில் ஸ்க்ரூ ஆணிகளைச் சுற்றித் துரு. மாற்றும்போது எதைப் போடுவது? பெருங்காற்றுக்கும் பயமாக இருக்கிறது. (வாசகர், கல்லடி)

பதில்: இந்தத் தகட்டின் பூச்சு 55 வீதம் அலுமினியம், 43.4 வீதம் நாகம் (சிங்க்), 1.6 வீதம் சிலிக்கன். ஏஇசட் 150 என்ற குறி, இரு முகமும் சேர்த்துச் சதுர மீற்றருக்கு 150 கிராம் பூச்சு உள்ளது என்பதைச் சொல்கிறது. கடலோரத்தில் அதற்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். தகட்டில் குறியில்லை என்றால் கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

துரு ஆணியில் தொடங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் தகட்டை விட மலிவான ஆணி. வெள்ளி நிற மெல்லிய மின்பூச்சு ஆணி வீட்டுக்குள் பாவிப்பதற்குரியது. தகட்டை விற்கும் நிறுவனம் கடலோரத்துக்கென்று குறித்திருக்கும் தடித்த பூச்சு ஆணியையே கேளுங்கள். நல்லதென்று நினைத்துத் துருப்பிடிக்காத உருக்கு ஆணி போடுபவர்களும் உண்டு. உப்பு நீர் சேர்ந்தால் அந்த ஆணி பிழைத்து, சுற்றியுள்ள தகட்டின் பூச்சு அரிபட்டுப் போகும். செப்புக் குழாயில் வழியும் நீரும், ஈரச் சீமெந்தும் இந்தத் தகட்டுக்கு ஆகாது. முகட்டில் சாந்து பூசி அடைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

இன்னொரு காரணம் கிரைண்டர். அதன் பொறி தகட்டில் விழுந்து ஒட்டி ஒரே இரவில் துருவாகும், வெட்டிய விளிம்பின் பூச்சும் எரியும். தகரக் கத்தரியால் வெட்டி, துளைத்த தூளை அன்றே மென்மையான தும்புத்தடியால் கூட்டித் தள்ள வேண்டும். மழை படாத தாழ்வார அடிப்பக்கத்தில் உப்பு படிந்து நிற்கும். மழையில்லாத மாதங்களில் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

செலவுக்கு வசதியிருந்தால் இத்தனை அருகில் அலுமினியத் தகடே போடுங்கள். அதற்குத் துருப்பிடிக்காத உருக்கு ஆணி பொருந்தும்.

ஆணியை தகட்டின் மேட்டில் அடியுங்கள், பள்ளத்தில் அடித்தால் ஓடும் நீருக்குள் ஆணி நிற்கும். ரப்பர் வொஷர் உலோக மூடியின் ஓரத்தில் சற்றே எட்டிப் பார்க்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். பிதுங்கி வழியும்வரை இறுக்கினால் வெயிலில் வெடித்து அந்த இடமே ஒழுகும்.

1978 நவம்பர் 23 சூறாவளியை மட்டக்களப்பில் பெரியவர்கள் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பின் வகுத்த காற்று வலயங்கள் மூன்றில் கிழக்குக் கரை கடுமையான வலயத்தில் இருக்கிறது. காற்று கூரையை அழுத்துவதை விட மேலே உறிஞ்சி இழுப்பதே ஆபத்து. அந்த இழுப்பு தாழ்வார ஓரத்திலும் முகட்டிலும் மூலைகளிலும் கூடுதல். அங்கே ஒவ்வொரு மேட்டுக்கும் ஓர் ஆணி, நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. ஆனால் ஆணி மட்டும் கூரையைக் காப்பாற்றாது. தகடு ரீப்பையில், ரீப்பை கைமரத்தில், கைமரம் சுவர் மேல் போகும் வளைமரத்தில், வளைமரம் கொங்கிறீட் பீமில் என்று ஒவ்வொரு இணைப்பும் இரும்புப் பட்டியாலோ போல்ட்டாலோ கட்டப்பட வேண்டும். கைமரத்தை வெறும் ஆணியால் வளைமரத்தில் அடித்துவிட்டிருந்தால் முழுக் கூரையும் ஒரே துண்டாகப் பெயர்ந்து போகும். தகட்டைக் கழற்றும் நாளில்தான் இந்த இணைப்புகளைத் திருத்த முடியும்.

கேள்வி: பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டைக் கழுவி பெயின்ட் அடிக்கலாமா? (கல்முனை)

பதில்: உயர் அழுத்த நீரால் கழுவாதீர்கள், கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். இரண்டும் நாரை விடுவிக்கும். அந்த நார் நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயையும் அஸ்பெஸ்டோசிஸ் நோயையும் உண்டாக்கும். பாசி கொல்லி மருந்தைத் தெளித்து, பாசி தானாகக் காய்ந்து மழையில் போன பிறகு, பிரைமரும் அக்ரிலிக் பூச்சும் விசிறலாம். சீட்டில் கால் வைக்க வேண்டாம். பழைய சீட் முன்னறிவிப்பின்றி உடையும், ஆளைத் தாங்காது. பர்லின் (சீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மேல் பலகை போட்டு அதன் மேல் நகருங்கள். வெடித்துப் பொரிந்த சீட் என்றால் பூச்சுக்குச் செலவழிக்காமல் மாற்றுங்கள். கழற்றும்போது நனைத்து, ஆணியைக் கழற்றி முழுதாக இறக்கி, தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, எங்கே ஒப்படைப்பது என்று பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ கேளுங்கள். உடைத்துக் காணி நிரப்புவதும் வாவியோரம் கொட்டுவதும் அயலவரின் சுவாசத்துக்கு நஞ்சிடுவதற்குச் சமம்.

கேள்வி: அறுகம்பைப் பக்கம் கிடுகுக் கூரைக் குடில்கள் கட்டுகிறோம். கிடுகுக்கு அடியில் மெம்பிரேன் போட்டால் கிடுகு சீக்கிரம் உக்கிவிடும் என்கிறார்கள். உண்மையா? (பொத்துவில்)

பதில்: கிடுகை நேரே மெம்பிரேன் மேல் படுக்கவைத்தால் உண்மை. அடியிலிருந்து காற்று வராமல் கிடுகு ஈரத்திலேயே கிடக்கும். பலகை, அதன் மேல் மெம்பிரேன், அதன் மேல் சரிவின் திசையில் ஓரங்குல ரீப்பை, அதற்குக் குறுக்கே கிடுகு கட்டும் ரீப்பை என்று வையுங்கள். இடையிலுள்ள வெளியால் காற்றும் ஓடும், உள்ளே சொட்டிய நீரும் தாழ்வாரம் வரை இறங்கும். நெடுக்கு ரீப்பை ஆணி மெம்பிரேனைத் துளைக்கும் ஒவ்வொரு இடத்திலும் அடியில் பிட்டுமன் டேப் ஒட்டுங்கள். சரிவு 45 பாகைக்குக் குறைய வேண்டாம். இங்கே டோர்ச் வகைக்கு இடமே இல்லை. பலகைக்கும் கிடுகுக்கும் பக்கத்தில் நெருப்புக் காட்டக்கூடாது, தானே ஒட்டும் வகையை வாங்குங்கள்.

கேள்வி: புதிதாகப் பிளாட் போடும்போது நீர்த்தடைத் திரவம் கலந்தால் பிறகு எதுவும் தேவையில்லையா? (செங்கலடி)

பதில்: தேவை. அந்தத் திரவம் நல்ல கொங்கிறீட்டை இன்னும் அடர்த்தியாக்கும், வெடிப்பை அடைக்காது. முதலில் தண்ணீரைக் கட்டுப்படுத்துங்கள். 50 கிலோ பை ஒன்றுக்கு, மணலிலுள்ள ஈரத்தையும் சேர்த்து, 25 லீற்றருக்கு மேல் போகக்கூடாது. கொட்டுவதற்கு இலகுவாக இருக்கட்டும் என்று வேலையாட்கள் குழாயைத் திறந்துவிடுவதில்தான் ஒழுகும் பிளாட் பிறக்கிறது. வைப்ரேட்டர் பாவியுங்கள், இடையில் நிறுத்தாமல் ஒரே நாளில் கொட்டி முடியுங்கள். மறுநாள் முதல் வரம்பு கட்டி ஏழு நாளாவது நீர் நிறுத்துங்கள். கச்சான் காலத்தில் கொட்டினால் அன்று மாலையே ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும், காற்று மேல்தோலை உறிஞ்சி மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கிவிடும். சரிவையும் தண்ணீர் வாய்களையும் பலகை அடிக்கும்போதே கணக்கிட்டு வைத்தால், பிறகு மேலே சாந்துப் பாரம் ஏற்ற வேண்டி வராது.